கொப்பரை உலர்த்தும் கருவியை விற்கப் போய் நான் இழந்த 31 மாதங்கள்

சென்ற மாதம் பழைய இரும்புக் கடைக்காரர் வந்து, என் மைத்துனரின் தோட்டத்தில் இரண்டு ஆண்டுகளாக அடுக்கி வைத்திருந்த ஜி.ஐ. குழாய்களை எடை போட்டு ஏற்றிச் சென்றார். மொத்தம் 410 கிலோ, கிலோவுக்கு 34 ரூபாய் வீதம் 13,940 ரூபாய். அந்தக் குழாய்களை வளைத்து, பற்றவைத்து, ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தகடு போர்த்தி ஒரு கொப்பரை உலர்த்தியாக நிறுத்த எனக்கு 2,40,000 ரூபாய் செலவாகியிருந்தது. பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டபோது வருத்தத்தைவிட ஒருவித நிம்மதியே அதிகமாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். புதிதாக ஒன்றைச் செய்து விற்கக் கிளம்புகிறவர்களுக்கு ஊக்கம் தரப் பலர் இருக்கிறார்கள். எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று சொல்ல எனக்கு அப்போது ஒருவரும் கிடைக்கவில்லை.

நான் இயந்திரவியல் படித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்பு உற்பத்தி நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். மாமனாருக்கு வெள்ளகோவில் பக்கம் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு உண்டு. வழக்கமாகக் காயாகவே வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறவர், 2020ஆம் ஆண்டு கொப்பரை விலை நன்றாக இருக்கிறதென்று தாமே உடைத்துக் காயப்போட்டார். வடகிழக்குப் பருவமழை ஐந்து நாள் விடாமல் பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த பருப்பு முழுவதிலும் பச்சையும் கறுப்புமாகப் பூசணம் படர்ந்தது. நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்க வேண்டிய சரக்கு பாதி விலைக்குப் போயிற்று. அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு சரியாகச் சாப்பிடவும் இல்லை. அந்தக் காட்சி என் மனத்தில் தங்கிவிட்டது. உடைத்த தேங்காயின் பருப்பில் ஏறத்தாழ பாதி நீர்தான். அதை ஆறு விழுக்காட்டு ஈரத்துக்குக் கொண்டுவந்தால்தான் கொப்பரை நிற்கும், எண்ணெயும் கெடாது. திறந்த களத்தில் இதற்கு ஆறு முதல் எட்டு நாள்வரை ஆகிறது. நடுவில் மழை வந்தால் எல்லாம் போயிற்று. வெயிலை உள்ளே விட்டு, மழையையும் பனியையும் தூசியையும் வெளியே நிறுத்தும் ஒரு கூடாரம் இருந்தால் போதுமே என்று தோன்றியது.

யோசனை தவறானதன்று. இத்தகைய சூரிய கூடார உலர்த்திகள் முன்பே இருந்தன. நான் செய்ய நினைத்தது அவற்றைக் கொப்பரைக்கென்றே திருத்தி, காற்றோட்டத்தை மேம்படுத்தி, விலையைக் குறைத்துத் தருவது. என் தவறு அதற்கு முந்தைய படியில் நடந்தது. ஒரு விவசாயியின் ஒரு மோசமான வாரத்தைப் பார்த்துவிட்டு, அந்த வட்டாரம் முழுவதற்கும் ஆண்டு முழுவதும் இருக்கும் வலி அதுவே என்று முடிவு கட்டினேன். கொங்குப் பகுதியின் இந்தப் பக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. கேரளத்தில் அது 3,000 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். காங்கேயம் வட்டாரத்தில் இத்தனை கொப்பரைக் களங்கள் அமைந்ததற்கும், கேரளத்துக் காய்கூட இங்கே வந்து காய்வதற்கும் முக்கியக் காரணம் இந்த வறண்ட வானம்தான். வெயில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகவே தொழில் வேரூன்றிய ஊரில், வெயிலைச் சேமித்துத் தரும் பொருளை விற்கப் போனேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அப்போது இது உறைக்கவேயில்லை.

முதல் மாதிரியை 2021 தொடக்கத்தில், வேலையில் இருந்துகொண்டே, வார இறுதிகளில் செய்தேன். 1,80,000 ரூபாய் ஆயிற்று. ஐந்நூறு காய்களை உடைத்து வைத்துப் பார்த்ததில் நான்காம் நாள் ஈரப்பதமானி ஆறுக்குக் கீழே காட்டியது. பருப்பு வெள்ளைவெளேரென்று இருந்தது. பூசணம் வராமலிருக்கக் களங்களில் வழக்கமாகப் போடும் கந்தகப் புகையும் தேவைப்படவில்லை. ஒரு பொறியியல் கல்லூரி நடத்திய புத்தாக்கப் போட்டியில் இதற்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு கிடைத்தது. நடுவர்கள் வெப்ப இயக்கத்தைப் பற்றி நுட்பமாகக் கேள்வி கேட்டார்கள், நானும் நன்றாகப் பதில் சொன்னேன். ஆனால் அந்த மேடையில் இருந்தவர்களில் ஒருவர்கூடக் கொப்பரை விற்றுப் பிழைப்பவர் அல்லர். பரிசு என் இயந்திரத்தைப் பற்றி ஒன்றைச் சொன்னது. சந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் இரண்டையும் ஒன்றாகப் படித்துக்கொண்டேன்.

அதன் பிறகு, காயை வாங்கி உடைத்துக் காயவைத்துக் கொப்பரையாக விற்கும் பதினொரு களத்துக்காரர்களைப் போய்ப் பார்த்தேன். மடிக்கணினியில் படம் காட்டி, கொப்பரைத் துண்டைக் கையில் கொடுத்து, இப்படி ஒரு கருவி வந்தால் வாங்குவீர்களா என்று கேட்டேன். ஒன்பது பேர் ஏறத்தாழ ஒரே பதிலைச் சொன்னார்கள்: “நல்லாத்தானுங்க தம்பி இருக்குது. செஞ்சு கொண்டாங்க, பாக்கலாங்க.” நான் குறிப்பேட்டில் ஒன்பது வாடிக்கையாளர் என்று எழுதிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில், வீடு தேடி வந்தவன் முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. மோர் கொடுத்து, நல்லா இருக்குது என்று சொல்லி அனுப்புவதுதான் மரியாதை. இதே மண்ணில் பிறந்த எனக்கு அது தெரியாதா என்ன? தெரியும். ஆனால் நான் கேட்க விரும்பிய சொல் காதில் விழும்போது அதை அளந்து பார்க்கும் புத்தி ஓய்வெடுத்துக்கொள்கிறது. இன்று என்னைக் கேட்டால், வாங்குவீர்களா என்ற கேள்வியையே கேட்கக் கூடாது என்பேன். போன முறை சரக்கு எப்போது கெட்டது, எவ்வளவு கெட்டது, அன்று என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு அதைத் தடுக்க ஏதாவது பணம் செலவழித்தீர்களா என்று நடந்ததைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும். தன் தொல்லையைத் தீர்க்க ஒருவர் இதுவரை ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை, அரைகுறையாக ஒரு மாற்று வழியும் தேடவில்லை என்றால், அது அவருக்குப் பெரிய தொல்லை அன்று. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரமும் பெட்ரோல் செலவும் போதுமாக இருந்திருக்கும்.

2021 மே மாத இறுதியில் வேலையை விட்டேன். அப்போது என் சம்பளம் 62,000 ரூபாய். சிறுதொழில்களுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில், தருண் என்ற பிரிவில் ஒன்பது லட்சம் கடன் கிடைத்தது. சேமிப்பில் மூன்றரை லட்சம் இருந்தது. பிற்பாடு என் மனைவியின் பன்னிரண்டு பவுன் நகையும் அடகுக்குப் போயிற்று. ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, ஒன்று விற்பதற்கு முன்பே நான்கு உலர்த்திகளைச் செய்யத் தொடங்கினேன். நான்காகச் செய்தால் குழாயும் தகடும் மலிவாகக் கிடைக்கும் என்பது கணக்கு. ஒவ்வொன்றும் 600 சதுர அடி, விற்பனை விலை 3,60,000 ரூபாய். இதற்கிடையில் காப்புரிமை வேறு. விண்ணப்பிப்பதற்கான அரசுக் கட்டணம் தனிநபருக்கு இணையவழியில் 1,600 ரூபாய்தான். வரைவு எழுதுவது, முந்தைய காப்புரிமைகளைத் தேடுவது என்று எல்லாம் சேர்ந்து 85,000 ரூபாய் வெளியேறியது. வாங்கவே ஆளில்லாத ஒன்றை யார் திருடப் போகிறார்கள் என்று என் மனைவி ஒரு நாள் கேட்டாள். கோபம் வந்தது. பதில் வரவில்லை.

முதல் உலர்த்தியை, ஒன்பது பேரில் மிக ஆர்வமாகப் பேசிய ஒருவரின் களத்தில் மூன்று மாதத்துக்கு இலவசமாக நிறுத்தினேன். அவர் பயன்படுத்திப் பார்த்து நான்கு பேரிடம் சொன்னால் விற்பனை தானாக ஓடும் என்று நினைத்தேன். முதல் வாரத்திலேயே ஒரு கோளாறு தலைகாட்டியது. என் சோதனையில் வைத்தது ஐந்நூறு காய். இங்கே நிறைத்தது மூவாயிரம். அத்தனை பருப்பிலிருந்து வெளியேறிய ஈரம் பகல் முழுவதும் கூடாரத்துக்குள்ளேயே தேங்கியது. மாலையில் வெயில் இறங்கி, சூரிய மின்சாரத்தில் ஓடும் விசிறி நின்றதும், தகட்டின் உட்புறம் குளிர்ந்து நீர் கோத்தது. விடியற்காலையில் அது மழைபோலப் பருப்பின் மேலேயே சொட்டியது. மழையிலிருந்து காப்பாற்ற வந்த கருவி தானே மழை பெய்தது. மேல்பகுதியில் இரவிலும் திறந்திருக்கும் காற்றுப்போக்கியும், இரவு எட்டு மணிவரை விசிறியை ஓட்ட ஒரு மின்கலமும் வைத்து இரண்டு வாரத்தில் சரிசெய்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டு வாரத்தில் ஒரு தட்டு முழுவதும் பூசணம் பிடித்ததைக் களத்தில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கருவியை முழுச் சுமையோடு, மோசமான பருவத்தில், நம் சொந்த இடத்தில், யார் கண்ணிலும் படாமல் ஒரு மாதமாவது ஓட்டிப் பார்க்காமல் அடுத்தவர் இடத்தில் நிறுத்தக் கூடாது. தொழில்நுட்பப் பக்கத்தில் நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்; மற்றவையெல்லாம் மனிதர்களைப் பற்றியவை.

அந்தக் களத்தில் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். காயை உடைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டதும் பருப்பு கொட்டாங்குச்சியிலிருந்து விடுபடும். உட்கார்ந்து அதை நோண்டி எடுத்து மறுபடி பரப்புவார்கள். கூலி ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று கணக்கு. திறந்த களத்தில் கூடையைக் கவிழ்த்துக் காலாலேயே தள்ளிப் பரப்பிவிடலாம். என் உலர்த்தியிலோ இடுப்புயரத் தட்டுகளில் ஒவ்வொரு கூடையாகத் தூக்கி ஊற்றி, கையால் நிரவ வேண்டும். அதே கூலிக்கு வேலை கூடிவிட்டது. நண்பகலில் உள்ளே வெப்பம் 58 டிகிரி செல்சியசைத் தொடும். அந்த நேரத்தில் பருப்பைப் புரட்டச் சொன்னால் யார் போவார்கள்? அவர்களில் மூத்த அம்மா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “ஏனுங்க தம்பி, நீங்க ஒருக்கா உள்ள போயி அரை மணி நேரம் நின்னு பாருங்க, அப்பறம் பேசலாம்” என்றார். நான் நின்றேன். ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அத்தனை மாதங்களில் நான் பேசியதெல்லாம் களத்தின் சொந்தக்காரர்களோடுதான். கருவியைத் தொட்டுப் பயன்படுத்தப் போகிற கைகளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பணம் கொடுப்பவர் ஒருவர், பயன்படுத்துபவர் இன்னொருவர் என்றிருக்கும் எந்தப் பொருளிலும், இரண்டாமவருக்கு வேலை கூடினால் அந்தப் பொருள் மெல்ல மூலைக்குப் போய்விடும். யாரும் சண்டை போட மாட்டார்கள். அது சும்மா இருக்கும். மூன்றாம் மாதம் நான் போய்ப் பார்த்தபோது உலர்த்திக்குள் காலிச் சாக்குகளும் ஒரு பழைய சைக்கிளும் இருந்தன.

இலவசமாகக் கொடுத்ததும் ஒரு தவறு என்பது அப்போதுதான் புரிந்தது. மாதம் இரண்டாயிரம் ரூபாயாவது வாடகை வாங்கியிருந்தால், அவர் அதை ஓட்டிப் பார்த்திருப்பார், அல்லது இரண்டாம் மாதமே இது சரிப்படாது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருப்பார். எப்படியானாலும் எனக்கு ஓர் உண்மை கிடைத்திருக்கும். பணம் கொடுக்காதவருக்குக் குறை சொல்லும் கடமையும் இல்லை.

இங்கே நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. விற்பனை நடக்காததற்குக் காரணம் கருவியில் ஏதோ குறைவதுதான் என்று தீர்மானித்து, ஈரப்பத உணரியும் கைப்பேசிச் செயலியும் சேர்க்க 2,40,000 ரூபாய் செலவழித்தேன். வீட்டிலிருந்தபடியே தட்டின் ஈரம் தெரியும் என்று விளம்பரம். கொப்பரை வாங்குகிற வியாபாரி ஒரு துண்டை எடுத்து ஒடித்து, அந்த ஓசையிலேயே ஈரத்தைச் சொல்லிவிடுகிறார். அவருக்கு எதற்குச் செயலி? உண்மையைச் சொன்னால், அந்த ஆறு மாதமும் நான் செயலிக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன். களத்துக்குப் போனால் மறுப்பு. கொட்டகையில் உட்கார்ந்தால் வேலை நடக்கிற உணர்வு. தெரிந்த வேலைக்குள் புகுந்துகொள்வது பொறியாளர்களுக்கு எளிது. விற்கவில்லை என்றவுடன் புதிய வசதி சேர்க்கத் தோன்றினால், அந்த எண்ணத்தைக் குறைந்தது ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்.

கணக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், முதலில் பார்த்த பதினொரு பேரில் வேண்டாம் என்று நேரடியாகச் சொன்ன இரண்டு பேரில் ஒருவர். 2023 கோடையில், வேறு வழியில்லாமல் மறுபடி அவரிடம் போனேன். தேநீர் சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். “நீங்க ஏழு நாளை நாலு நாளாக்கறீங்க, சரி. அந்த மூணு நாள்ல எனக்கு என்னங்க மிச்சம்?” என்று கேட்டு அவரே போட்டுக் காட்டினார். ஒரு டன் கொப்பரை ஒரு லட்ச ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 12 விழுக்காட்டு வட்டியில் மூன்று நாள் வட்டி நூறு ரூபாய்கூட முழுதாக வராது. (பிற்பாடு 2025இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டியபோது மறுபடி போட்டுப் பார்த்தேன், அப்போதும் இருநூறு ரூபாய்தான்.) கந்தகம் போடாத வெள்ளைப் பருப்புக்கு எண்ணெய் ஆலையில் கூடுதல் விலை உண்டா என்றால், கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கிடைத்தால் அதிகம், பெரிய ஆலைகள் பார்ப்பது எண்ணெய் எவ்வளவு இறங்கும் என்பதைத்தான். தன் இலாபம் உலர்த்துவதில் இல்லை, காயை எந்த விலைக்கு வாங்கிப் பருப்பை எந்த நாளில் விற்கிறோம் என்பதில் இருக்கிறது என்றார். விலை இறங்கும் என்று தெரிந்தால் ஒரு நாளும் வைத்திருக்க மாட்டார். ஏறும் என்றால் ஒரு மாதம்கூட வைத்திருப்பார். அவர் தொழிலின் தலைவலி விலை. நான் கொண்டுபோனது நேரத்துக்கான மருந்து.

அளவுக் கணக்கும் அன்றுதான் முகத்தில் அறைந்தது. அவர் களத்தில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் காய் உடைகிறது. அதிலிருந்து ஏறத்தாழ 1,400 கிலோ கொப்பரை வரும். அதற்காக அன்றாடம் ஒரு டன்னுக்கு மேல் நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு விழும் சூரிய ஆற்றல் நம் பக்கத்தில் சுமார் ஐந்து கிலோவாட் மணி. அதில் முப்பது விழுக்காட்டை உருப்படியாகப் பிடிக்கலாம் என்று வைத்தாலும், அவருக்கு ஐந்நூறு சதுர மீட்டருக்கு மேல் கூடாரம் வேண்டும். என் உலர்த்தியோ 56 சதுர மீட்டர். அப்படியானால் ஒன்பது பத்து உலர்த்திகள், முப்பது லட்சத்துக்கு மேல் முதல்! அதே வேலையைச் செய்ய அவரிடம் ஓர் ஏக்கர் சிமெண்டுத் தளமும் சில தார்ப்பாய்களும் முன்பே இருக்கின்றன. இந்தப் பெருக்கலைச் செய்ய எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டப்படிப்பு முதலாண்டு மாணவன்கூடச் செய்வான். வாடிக்கையாளரின் நாள் கணக்கை ஒருபோதும் கேட்டு வாங்கவில்லை, அவ்வளவுதான். ஏதேனும் ஒரு பொருளைச் செய்வதற்கு முன், வாங்கப் போகிறவரின் வரவு செலவு ஒரு தாளில் முழுதாக எழுதத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தத் தாளில் உங்கள் பொருள் எந்த வரியை மாற்றுகிறது, எத்தனை ரூபாய் மாற்றுகிறது என்று அவர் வாயாலேயே வர வேண்டும்.

மானியத்தையும் நான் தப்பாகவே எடை போட்டிருந்தேன். சூரிய கூடார உலர்த்தி வாங்கும் விவசாயிகளுக்கு அரசு அப்போது 40 விழுக்காடு மானியம் தந்தது; அது எனக்குச் சாதகம் என்று நினைத்தேன். ஆனால் மானியம் உண்டு என்று தெரிந்தவர், அதற்கு விண்ணப்பித்துக் கிடைக்கும்வரை வாங்க மாட்டார். அதுவும் ஏற்கப்பட்ட பட்டியலில் உள்ள உற்பத்தியாளரிடம்தான் வாங்குவார். புதிதாக வந்த நான் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கான சோதனைச் சான்றுகளைத் திரட்டும் நேரத்தையும் பணத்தையும் திட்டத்தில் வைத்துக்கொள்ளவும் இல்லை. மானியம் உள்ள துறையில் இறங்குவதானால், பட்டியலில் இடம் பிடிப்பதை முதல் வேலையாக வையுங்கள், அல்லது மானியமே இல்லாவிட்டாலும் வாங்குவார்கள் என்ற விலையில் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் நின்றால் எல்லோரும் “அடுத்த வருசம் பாக்கலாங்க” என்பார்கள்.

அந்த மாதங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. கல்யாண வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். தொழில் எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால், பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நகர்ந்துவிடுவேன். பையனின் பள்ளிக் கட்டணத்தை மாமனார் கட்டினார். அவருடைய கெட்டுப்போன கொப்பரையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பதை இருவருமே பேசிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் என்னை ஓட்டிக்கொண்டிருந்தது விடாமுயற்சி பற்றிய கதைகள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு முருகானந்தத்தின் பெயரைச் சொல்லாத புத்தாக்கக் கூட்டமே கிடையாது. மலிவான நாப்கின் இயந்திரத்தைச் செய்து 2016இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஊர் சிரித்தும் விடவில்லை என்பதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். அவர் தம் பொருளைத் தாமே அணிந்து சோதித்தார் என்பதையும், நாப்கினைக் கடைகளில் போட்டுப் பெரிய நிறுவனங்களோடு மோதாமல், இயந்திரத்தை மகளிர் குழுக்களுக்கு விற்றார் என்பதையும் நான் கவனிக்கவில்லை. யாருக்கு விற்பது என்பதை அவர் யோசித்த அளவு நான் யோசித்திருக்க வேண்டும். விடாமல் பிடித்தது மட்டும்தான் இருவருக்கும் பொது.

கணக்குப் புத்தகம் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு, மீதமிருந்த உலர்த்திகளை என்ன செய்வது என்று வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். படமும் இல்லை, மடிக்கணினியும் இல்லை. இரண்டு மாதத்தில் நாற்பது பேரிடம், உலர்த்தும்போது எது கெடுகிறது, கெட்டால் எவ்வளவு போகிறது என்று மட்டும் கேட்டேன். இரண்டு இடங்களில் பதில் உடனே வந்தது. ஒன்று, சிறு தோப்புக்காரர்கள். 2023இல் அரவைக் கொப்பரையின் (எண்ணெய்க்கு ஆட்டுவது) குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 10,860 ரூபாய், அதாவது கிலோவுக்கு 108 ரூபாய்க்கு மேல். வெளிச்சந்தையிலோ கிலோ 80 ரூபாயை ஒட்டி விற்றது. அந்த ஆதரவு விலைக்கு அரசுக் கொள்முதலில் எடுக்க வேண்டுமானால் ஈரம் ஆறு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், பூசணம் கூடாது. கிலோவுக்கு இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் என்றால், அங்கே உலர்த்திக்கு வேலை இருக்கிறது. களத்துக்காரரின் நூறு ரூபாயையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டாவது, மூலனூர் பக்கம் முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கும் பெண்கள் குழு ஒன்று. இலை வெயில் பட்டால் பழுப்பாகிவிடும், நிழலில் போட்டால் பனிக்காலத்தில் நாள் கணக்காகும். பச்சை நிறம் போனால் வாங்குகிறவர் திருப்பி அனுப்பிவிடுகிறார். அவர்கள் ஏற்கெனவே ஓர் அறையில் மின்விசிறி வைத்து, மின் கட்டணம் கட்டி இலையைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தேடியிருக்க வேண்டிய அடையாளம் அதுதான்: அரைகுறையாகவேனும் ஒரு வழி, அதற்குக் கைக்காசு.

இந்த முறை விற்கவில்லை. தகட்டின்மேல் பச்சை நிழல்வலை போட்டு, வெப்பம் 50 டிகிரிக்கு மேல் ஏறாமல் காற்றோட்டத்தைக் கூட்டி, கிலோவுக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கொடுத்தேன். அதற்கும் முதலில் ஐயாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினேன். குழுத் தலைவி அந்தப் பணத்தை எண்ணிக் கொடுத்தபோதுதான், இரண்டரை ஆண்டுகளில் முதன்முறையாக ஒருவர் என் கருவியை உண்மையாகவே விரும்புகிறார் என்று நம்பினேன். இன்னொரு உலர்த்தி ஒரு தோப்புக்காரரிடம் போயிற்று. பக்கத்துத் தோப்புகளின் கொப்பரையும் அதில் காய்கிறது. இரண்டிலுமாக மாதம் பதினான்காயிரம் முதல் பதினெட்டாயிரம்வரை வருகிறது. அடகிலிருந்து ஏழு பவுன் மீண்டது. இதைக் கொண்டு ஒரு நிறுவனம் நடத்த முடியாது என்பதால் 2024 ஜனவரியில் மறுபடி வேலைக்குச் சேர்ந்தேன், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக.

மொத்தச் செலவு 19,50,000 ரூபாய்: மாதிரிக்கு 1,80,000, நான்கு உலர்த்திகளுக்கு 9,60,000, காப்புரிமைக்கு 85,000, செயலிக்கு 2,40,000, கொட்டகை வாடகை, பயணம், கண்காட்சி அரங்கு எல்லாமாக 3,10,000, வட்டி 1,75,000. பரிசு, வாடகை, பழைய இரும்பு எல்லாம் சேர்த்துத் திரும்பியது நான்கு லட்சத்தை ஒட்டி. இதில் 31 மாதச் சம்பளமான 19,22,000 சேரவில்லை. நாற்பது பேரிடம் கேட்ட அந்த இரண்டு மாதத்துக்கு ஆன செலவு பதினோராயிரம் ரூபாய். வரிசையை மாற்றியிருந்தால், அதாவது முதலில் கேட்பது, பிறகு முன்பணம், பிறகு ஒரே ஒரு கருவி என்று போயிருந்தால், இதே தோல்வி மூன்று லட்சத்தில் முடிந்திருக்கும் என்பது என் கணிப்பு. இன்னொன்றும் செய்திருப்பேன்: தொடங்குவதற்கு முன்பே, எந்தத் தேதிக்குள் எத்தனை பேர் முன்பணம் தராவிட்டால் நிறுத்துவேன் என்று எழுதி, மனைவியிடம் கொடுத்து வைத்திருப்பேன். உள்ளே இறங்கிய பிறகு நிறுத்தும் கோட்டை நாமே வரைந்தால், அது ஒவ்வொரு மாதமும் ஒரு மாதம் தள்ளிப் போகும்.

நான்கில் ஒன்று இரும்புக் கடைக்குப் போயிற்று என்றேன்; இரண்டு வாடகையில் இருக்கின்றன. முதலில் இலவசமாக நிறுத்திய, சைக்கிள் கிடந்த அந்த நான்காவதை எடுத்துவரப் போனபோது அந்த மூத்த அம்மா மறுபடி கூப்பிட்டார். தகட்டைக் கழற்றிவிட்டு மேலே நிழல்வலை மட்டும் போட்டுத் தர முடியுமா, பருப்பு நோண்டும்போது தலைக்கு மேலே வெயில் தாங்கவில்லை என்றார். களத்துக்காரரிடம் சொன்னேன். தட்டுகளை எடுத்து, பக்கத் தகடுகளைப் பிரித்து, கூட்டை நான்கு அடி உயர்த்தி, வலை போட்டுக் கொடுத்தேன். 22,000 ரூபாய் கேட்டேன். அவர் பேரம் பேசாமல் அன்றைக்கே எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு பேரும் இப்போது அதன் கீழேதான் உட்கார்கிறார்கள்.